டிராக்கில் விழுந்த பைக்கைச் சரிசெய்ய...

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் பைக்கை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் போகிறார்கள். வளைவில் சறுக்கி விழுந்தால் முதலில் கண்ணில் படுவது உடைந்த ஃபேரிங்தான். உயிருக்கு உலை வைக்கும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். பளபளப்பு வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. தூக்கி நிறுத்திய கையோடு ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாய்ந்து கிடந்த வண்டியில் இன்ஜின் ஆயில் ஏர் ஃபில்டருக்கும் சிலிண்டருக்கும் ஏறியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளக் ஓட்டையில் ஆயில் எட்டிப் பார்த்தால் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஃபில்டர் பெட்டிக்குள் மண் இருந்தால் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

2. ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பல மாடல்களில் வண்டி சாய்ந்ததும் ஒரு சென்சார் இன்ஜினை நிறுத்திவிடும். சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும்.

3. ஹேண்டில் கோணலாக நிற்கிறது என்றால் ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது வளைந்திருக்கலாம். வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, கீழ் கிளாம்ப் போல்ட்டையும் முன் ஆக்சிலையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டிலை நேராக்கிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் பைப்பைக் கழற்றி, தடித்த கண்ணாடிப் பலகையில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் பைப் வளைந்திருக்கிறது. பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருவார்கள். டிராக்கில் ஓட்டும் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம், புது பைப் போடுங்கள்.

4. சேஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூல் போதும். பின் டயரைச் சுற்றி, அதன் இரு ஓரத்தையும் தொட்டபடி நூலை முன்னால் இழுத்துக் கட்டுங்கள். முன் டயர் ஒல்லி என்பதால் இரு பக்கமும் இடைவெளி விழும். அது சமமாக இருக்க வேண்டும். கூடக்குறைய இருந்தால் முதலில் செயின் அட்ஜஸ்டரைப் பாருங்கள், பிறகு சேஸைச் சந்தேகப்படலாம்.

5. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க மண்ணெண்ணெயும் சாக்பீஸ் பொடியும் போதும். ஸ்டீயரிங் தலை, இன்ஜின் மவுண்ட், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் ஆகிய இடங்களில் மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, ஈரம் போகத் துடைத்துப் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் மெல்லிய கோடாகத் தெரியும். லாரி பாடி கட்டும் நாமக்கல்லிலும், ரிக் வண்டிகளின் திருச்செங்கோட்டிலும் நல்ல வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஸ்டீயரிங் தலையில் கோடு விழுந்த சேஸை யாரிடமும் வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். அதை மாற்றத்தான் வேண்டும்.

6. ஆக்சிலேட்டரை முறுக்கிக் கையை எடுத்தால் அது தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பிச் சோதியுங்கள்.

7. பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று புகுந்திருக்கிறது. ஆயிலை மாற்றி, ஏர் எடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வளைந்த லீவரைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், அடுத்த அழுத்தத்தில் ஒடியலாம்.

8. ஃபைபர் ஃபேரிங்கை உள்பக்கம் ஃபைபர் மேட் வைத்து ரெசினால் ஒட்டலாம். நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும். காலை நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வேலை செய்யுங்கள். ரெசினில் கலக்கும் ஹார்ட்னரையும் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

9. மறுபடி டிராக்கில் இறங்கும் முன் ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கூலன்ட்டில் உள்ள கிளைகால் தார் மேல் சிந்தினால் வழுக்கும், பின்னால் வருபவரும் விழுவார். ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்குக் கம்பி போட்டுக் கட்டுங்கள். டிராக் வேலை முடிந்ததும் மறக்காமல் கூலன்ட் நிரப்புங்கள், வெறும் தண்ணீர் உள்ளே அரிப்பு உண்டாக்கும்.

10. வண்டியைப் பார்த்த கையோடு ஹெல்மெட்டையும் பாருங்கள். வெளியே கீறல் மட்டும் இருந்தாலும் உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் மறுபடி அடி தாங்காது. தலையில் அடிபட்டிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அந்த ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.