பல்கலைக்கழக நூலகமும் மாணாக்கரும்

பல்கலைக்கழகத்திற் புதிதாகப் புகும் மாணாக்கன் முதல் வாரத்திலேயே விரிவுரை மண்டபத்தையும் விடுதியையும் உணவுச்சாலையையும் நன்கு அறிந்துகொள்கின்றான். நூலகத்தையும் அவன் காண்கின்றான், ஆயின் அறிந்துகொள்கின்றானில்லை. அமைதியும் காற்றோட்டமும் உள்ள ஓரிடம் என்று கருதித் தன் குறிப்புப் புத்தகத்தை அங்கே கொண்டுசென்று, அதனையே படித்துவிட்டுத் திரும்புகின்றான். குடத்தில் நீர் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குச் சென்று, அந்நீரையே பருகி மீள்பவனை இவனுக்கு உவமை கூறலாம்.

இதில் அவனை மட்டும் குறைகூறுதல் தகாது. கல்லூரியில் வினாவையும் ஆசிரியர் தருகின்றார். விடைக்குரிய குறிப்பையும் அவரே தருகின்றார். பல்கலைக்கழகத்திலோ வினாவைத் தானே எழுப்பி, விடை எங்கே உள்ளதென்பதையும் தானே தேடுதல் வேண்டும். அத்தேட்டத்திற்குத் துணைசெய்யும் பொருட்டே நூலகம் அமைந்துள்ளது. நூலகம் நூல்களை அடுக்கிவைக்கும் களஞ்சியம் மட்டுமன்று. தேடுவோனுக்குப் பல வகையில் ஊழியஞ் செய்யும் நிலையம். அவ்வூழியம் எத்தன்மையது என்பதை இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமார் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று என்னும் எண்ணத்தால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

என் அநுபவம் ஒன்றை முதற்கண் கூறுகின்றேன். மாணவப் பருவத்தில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரின் வசனநடை பற்றிக் கட்டுரையொன்று எழுதுமாறு பணிக்கப்பட்டேன். நூலகத்தின் பட்டியலட்டைப் பெட்டியில் ஓர் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். வேண்டிய நூலைக் காணவில்லை. "அந்நூல் இங்கு இல்லை" என்று ஆசிரியரிடஞ் சென்று துணிந்து கூறினேன். அவர், "இல்லை என்பதை யாரிடங் கேட்டு அறிந்தீர்?" என்றார். நாணத்துடன் மீண்டு நூலக உதவியாளரிடம் வினவினேன். அவர் வேறோர் இழுப்பறையைத் திறந்து, இரண்டு நிமிடத்தில் அந்நூலின் அட்டையை எடுத்துக் காட்டினார். நூல் இருந்தது, தேடும் வகைதான் என்னிடம் இருக்கவில்லை. அன்று கற்ற பாடத்தின் விரிவே இனி வருவது. நாவலர் பற்றிய அதே தேட்டத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பட்டியல்

நூலகத்தின் திறவுகோல் அதன் பட்டியலாகும். முன்னர் அட்டைகளில் இருந்த பட்டியல் இப்பொழுது பெரும்பாலும் கணினியில் இடம்பெறுகின்றது. ஆசிரியர் பெயர், நூற்பெயர், பொருள் என்னும் மூன்று வழிகளாலும் அதிற் புகலாம். தமிழ் நூல்களைத் தேடுவோர்க்கு இங்கே ஓர் இடர் உண்டு. தமிழ்ப் பெயர்கள் பல பட்டியல்களில் உரோம எழுத்திற் பதியப்பட்டுள்ளன. 'ஆறுமுக' என்பதிலுள்ள ககரத்தை ஒருவர் 'ஜி' என்னும் எழுத்தாலும், மற்றொருவர் 'கே' என்னும் எழுத்தாலும் எழுதுவர். ஒரு பட்டியல் 'ஆறுமுக' என்பதை முதலில் வைக்கும். மற்றொன்று 'நாவலர்' என்பதை முதலில் வைக்கும். கணபதிப்பிள்ளை என்னும் பெயரையும் 'கே' என்ற எழுத்திலும் 'ஜி' என்ற எழுத்திலும் தேடவேண்டியதாகும். ஆதலால், ஒரு நூல் இல்லை என்று முடிவுசெய்யுமுன் தமிழ் எழுத்திலும், உரோம எழுத்தின் வெவ்வேறு வடிவங்களிலும், நூற்பெயராலும், பொருளாலும் தேடிப்பார்த்தல் கடன்.

இலக்க ஒழுங்கு

பட்டியலிற் காணும் இலக்கம் நூல் இருக்கும் இடத்தைச் சுட்டுவது. மெல்வில் தூயி என்னும் அமெரிக்க நூலகர் 1876 ஆம் ஆண்டில் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையே நம் நாட்டில் மிகுதியும் வழங்குகின்றது. அம்முறையில் அறிவு முழுவதும் பத்துப் பெரும் பிரிவாக வகுக்கப்பட்டுள்ளது. தமிழ்மொழி பற்றிய நூல்கள் 494.811 என்னும் இலக்கத்திலும், தமிழிலக்கியம் 894.811 இலும், இந்து சமயம் 294.5 இலும், இலங்கை வரலாறு 954.93 இலும் அடங்கும்.

இதனால் விளைவது யாது? நாவலரின் இலக்கணச் சுருக்கம் மொழிப் பகுதியில் இருக்கும். சைவ வினாவிடை சமயப் பகுதியில் இருக்கும். அவர்தம் வசனநடையை ஆராயும் நூல் இலக்கியப் பகுதியில் இருக்கும். ஓர் அலுமாரியின் முன் மட்டும் நின்று திரும்புபவன் நாவலரின் ஒரு கூற்றையே கண்டவனாவான். மறுபுறத்தில், இம்முறையால் ஒரு பெருநன்மையும் உண்டு. ஒரு பொருள் பற்றிய நூல்கள் அருகருகே நிற்பதால், தேடிச்சென்ற நூலின் இருமருங்கும் பார்ப்பவனுக்குத் தேடாத நல்ல நூலொன்று கிடைத்தல் கூடும்.

உசாத்துணைப் பகுதி

வீட்டுக்கு இரவல் வழங்கப்படாது, அங்கிருந்தே பார்த்தற்குரிய நூல்கள் உசாத்துணைப் பகுதியில் உள. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, 1954 இல் முதற்றொகுதி வெளிவந்த கலைக்களஞ்சியம் ஆகியன இத்தகையன. இவற்றினும் ஆராய்ச்சியாளனுக்கு இன்றியமையாதவை நூற்பட்டியல்களாம். ஜோன் மேடொக் 1865 இல் வெளியிட்ட தமிழ் அச்சுநூற் பட்டியலும், பாணெற்றும் போப்பும் தொகுத்து 1909 இல் வெளியான பிரித்தானிய அரும்பொருட்சாலைத் தமிழ் நூற்பட்டியலும், நாவலர் காலத்தில் எவை அச்சேறின என்பதை அறியப் பெருந்துணையாவன. ஒரு நூல் உண்டு என்று அறிந்தால் அன்றோ அதனைத் தேடுதல் இயலும்?

சஞ்சிகைகளும் ஆய்வேடுகளும்

புதிய ஆராய்ச்சி முடிபுகள் பல முதலிற் சஞ்சிகைகளிலேயே வெளிவருகின்றன. 1943 இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழக ஆங்கிலச் சஞ்சிகை, தனிநாயக அடிகளை ஆசிரியராகக் கொண்டு 1952 இல் தோன்றிய 'தமிழ் கல்ச்சர்' முதலியவற்றின் பழைய தொகுதிகள் இன்றும் பயன்தருவன. நாவலர் காலத்துச் சமூக நிலையை அறிய விரும்புவோன், 1841 இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமாரால் தொடங்கப்பட்ட உதயதாரகை போன்ற பத்திரிகைகளையும் நாடவேண்டும். தாள் நொறுங்கும் நிலையிலுள்ள இத்தகைய பழைய ஏடுகளை நுண்படச்சுருளிலோ கணினிப் படியிலோ பார்க்கும் வசதி பல நூலகங்களில் உண்டு.

ஆய்வேடுகளும் நூலகத்திலேயே காக்கப்படுகின்றன. தேட்டத்தைத் தொடங்குவோனுக்கு ஒரு நல்வழி கூறுவேன். தன் பொருளையொட்டி அண்மையில் எழுதப்பட்ட ஆய்வேடு ஒன்றை எடுத்து, அதன் இறுதியிலுள்ள உசாத்துணை நூல் வரிசையை முதலிற் பார்க்க. பிறர் பல்லாண்டு முயன்று தேடிய வழி சில நிமிடத்திற் புலப்படும். பார்த்த ஒவ்வொன்றையும் ஆசிரியர், நூற்பெயர், பதிப்பிடம், ஆண்டு, பக்கம், பட்டியல் இலக்கம் என்பவற்றுடன் உடனே குறித்துவைத்தல் வேண்டும். பின்னர் குறிக்கலாம் என்று விட்டவர் அனைவரும் பின்னர் வருந்தியவரே.

பிற நூலகங்களின் துணை

எந்நூலகமும் எல்லா நூலும் உடையதன்று. தன்னிடம் இல்லாததைப் பிறிதொரு நூலகத்திலிருந்து இரவலாகவோ படியாகவோ பெற்றுக்கொடுப்பதும் பல்கலைக்கழக நூலகத்தின் சேவைகளுள் ஒன்று. விண்ணப்பித்துச் சில நாட் பொறுத்திருத்தலே மாணாக்கன் செய்யவேண்டுவது. சென்னையிலுள்ள உ. வே. சாமிநாதையர் நூலகமும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழாராய்ச்சியாளர்க்குப் பெருங் கருவூலங்கள். ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைக் கணினிவழி எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு 2005 இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகமும் அத்தகையதே.

நூலகர்

இவையனைத்தினும் சிறந்த துணை நூலகரே. கணித ஆசிரியராயிருந்து 1924 இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய சி. இரா. அரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931 இல் நூலாக வெளியிட்டார். வாசகனின் காலத்தை வீணாக்காது காத்தல் நூலகத்தின் கடன் என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே, நூலகரிடம் வினவுவோன் அவர்க்குத் தொல்லை கொடுக்கின்றானல்லன். அவர் தம் கடனை ஆற்ற இடமளிக்கின்றான். "நாவலர் பற்றி நூல் உண்டா?" என்று கேளாது, "நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சுக்கூடத்தில் எவ்வெந் நூல்கள் பதிப்பிக்கப்பட்டன என்று அறிய விரும்புகின்றேன்" என்று கேட்க. வினாத் தெளிவாயின் விடையும் தெளிவாகும்.

நம் கடன்

இனிப் பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் படி இருந்தவற்றை மீளப் பெறலாம். ஒரே படியாய் இருந்தவை மீளமாட்டா. அவ்விழப்பு நமக்குக் கற்பிப்பது, அரியதொன்று ஓரிடத்தில் மட்டும் இருத்தலாகாது என்பதே. நாட்டில் அச்சாகும் நூல்களின் படியைப் பெறும் சட்ட உரிமை பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திற்கு உண்டு. எனினும், பழைய கல்லூரி மலர்களும், கோயிற் கும்பாபிஷேக மலர்களும், சங்க அறிக்கைகளும், நினைவு வெளியீடுகளும் அங்குச் சென்று சேராது வீட்டுப் பெட்டகங்களிற் கறையானுக்கு இரையாகின்றன. ஓர் ஊரின் கல்வி வரலாற்றை நாளை எழுதப் புகுவோன் தேடப்போவது இவற்றையே.

ஆகையால், நம் வீடுகளிலுள்ள பழைய மலர்களைத் தேடியெடுத்து, ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்திற்கும், ஒரு படியைக் கல்லூரி நூலகத்திற்கும் கொடுப்போமாக. ஒரே படி உள்ளதாயின் அதனைப் படமெடுத்துக்கொள்ள இடங்கொடுப்போமாக. இம்மலரின் படிகளையும் அவ்வாறே அனுப்பிவைத்தல் சங்கத்தாரின் பொறுப்பாகும். இக்கல்லூரியின் மாணாக்கன் ஒருவன் பிற்காலத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியலில் இம்மலரின் பெயரைத் தேடும்போது, "இல்லை" என்னும் விடை அவனுக்குக் கிடையாதிருக்கட்டும்.