மூச்சை அடக்கலாகாது: நீர்மூழ்கப் புகுவோர்க்கு ஒரு பாடம்

முன்னேஸ்வரத்திலிருந்து மேற்கே சிறிது தூரம் சென்றால் சிலாபக் கடலைக் காணலாம். சலாபம் என்பது முத்துக்குளித்தலைக் குறிக்கும் பழஞ்சொல். சிலாபம் என்னும் பெயர் அதனின்று பிறந்ததெனக் கூறுவோர் உளர். மன்னார்க் கடலின் முத்துப் பார்களில் குளித்தோர், கல்லின் பாரத்தால் ஒரே மூச்சில் அடித்தளஞ் சேர்ந்து, சிப்பிகளைக் கூடையில் வாரிக் கயிற்றை அசைப்பர். தோணியிலிருப்போர் மேலே இழுப்பர். மூச்சை அடக்குதலே அவர்தம் வித்தை.

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் புதிய சுவாசக் கருவியொன்றை அமைத்தனர். முதுகிற் சுமந்த சிலிண்டரிலுள்ள வளியை, சூழ்ந்த நீரின் அமுக்கத்துக்கு ஏற்ப அது வாயில் அளிக்கும். இத்தகைய கருவியுடன் மூழ்குதலையே ஸ்கூபா என்கிறோம்.

இதனைக் கற்கப் புகுவோன் முதலில் மறக்கவேண்டியது முத்துக்குளிப்போனின் வித்தையையே. ஏன்? வகுப்பிற் படித்த போயிலின் விதியை நினைவுகூர்க. நீர்மட்டத்தில் அமுக்கம் 1 வளிமண்டலம். 10 மீற்றர் ஆழத்தில் 2. மேலே 6 இலீற்றர் வளியை உள்வாங்கி மூழ்கியவனது நெஞ்சில் அது 3 இலீற்றராய்ச் சுருங்கும். மீளுங்கால் பழைய 6 ஆகுமேயன்றி மிகாது. கருவியினாற் சுவாசிப்பவனோ அவ்வாழத்திலேயே 6 இலீற்றரை உள்வாங்குகிறான். மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால் அது 12 இலீற்றராய் விரிய முயலும். நுரையீரல் கிழியும், வளிக்குமிழ் குருதியிற் புகுந்து மூளையைத் தாக்கும். இதற்குப் பேராழம் வேண்டுவதில்லை. நீச்சற் குளத்தின் ஆழமே போதும்.

அச்சமுற்றவன் இயல்பாகவே மூச்சை அடக்கி மேலே பாய்வான். ஆதலின் அறிவு மட்டும் போதாது, பழக்கம் வேண்டும். நெஞ்சு, காது, இருதயம் ஆகியவற்றை மருத்துவர் சோதித்தபின், சான்றிதழ் பெற்ற ஆசிரியரிடம் ஆழமற்ற நீரிற் பயிலுக. முகமூடியிற் புகுந்த நீரை வெளியேற்றுதலும், வாயினின்று நழுவிய கருவியை மீண்டும் பொருத்துதலும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் அமுக்கத்தைச் சமன்செய்தலும் முதற் பாடங்கள். பின்னரே கடல். துணையின்றி மூழ்கலாகாது, தொடக்கநிலையினர் 18 மீற்றரைக் கடத்தலாகாது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. ஆழத்தில் நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைகிறது. விரைந்து எழுந்தால் அது குமிழாகி மூட்டுகளை வருத்தும். உடலை முடமாக்கவும் கூடும். ஆகவே நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாது எழுந்து, 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரித்து வருக. பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமாவது விமானம் ஏறலாகாது. நம் வடமேற்குக் கரையில் கடலட்டைக்கும் சங்குக்குமாகச் சிலிண்டருடன் மூழ்குவோர் பலர். முறையான பயிற்சியின்றி இறங்கி இந்நோய்க்கு ஆளானோர் அவருள் உளர். கருவியை இரவல் வாங்கி இறங்க எண்ணும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.

பயின்றவர்க்குக் கற்பிட்டிக் கடல் காத்திருக்கிறது. அங்குள்ள பார் பவளத்திட்டு 1992இல் சரணாலயமாக்கப்பட்டது; 1998இல் கடல்நீர் வெப்பமுற்றதால் அதன் பவளங்கள் பெரிதும் வெளிறி மடிந்தன. எஞ்சியதையும் மீள வளர்வதையும் கண்ணாற் காண்க, கையால் தீண்டற்க. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அக்கடல் அமைதியாயிருக்கும். இறங்குமுன் ஒன்றை மட்டும் உள்ளத்திற் பதித்துக்கொள்க: நீருக்குள் எந்நிலையிலும் மூச்சு நிற்கலாகாது.