பேர் போட மறக்காதீர்கள்

இறக்குவானைப் பக்கமிருந்தும் எட்டியாந்தோட்டைப் பக்கமிருந்தும் பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். ஒரு தங்கச்சிக்கு நூதனசாலையில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே என்ன வேலை என்று கேட்கிறாள். இன்னும் சிலர் ஆளில்லாமல் கிடக்கும் லயத்துக் காம்பரா ஒன்றில் தோட்டத்துப் பழைய சாமான்களைச் சேர்த்து வைக்கப் பார்க்கிறார்கள். போனிலேயே கார்ட்டூன் படம் செய்கிற ஒரு தம்பியும் வந்தான். உத்தியோக காலம் முழுவதும் நூதனசாலைக் களஞ்சிய அறையிலேயே இருந்தவன் என்பதால் இவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

பேச்சுக்கு ஒரு நூதனசாலையை எடுத்துக்கொள்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் வோல்ட் டிஸ்னி குடும்ப நூதனசாலை அது. டிஸ்னியின் மூத்த மகள் டயான் டிஸ்னி மில்லர் முன்னின்று உருவாக்கி, 2009 ஒக்டோபர் 1இல் திறந்தது. என் மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் போய்ப் பார்த்தேன். எல்லோரும் மிக்கி மவுஸைப் பார்க்கப் போவார்கள். நான் போனது சுவருக்குப் பின்னால் நடப்பதை ஊகிக்க. தொழில் புத்தி.

1. கட்டடத்துக்காகக் காத்திருக்காதீர்கள். டிஸ்னியின் நூதனசாலை இருப்பது பிரெசிடியோ என்ற பழைய இராணுவ முகாமில், 1890களில் சிப்பாய்களைத் தங்கவைக்கக் கட்டிய செங்கல் கட்டடத்தில். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை பழைய லயத்தில்தான் இருக்கிறது. ஒழுகாத கூரை, பூட்டுகிற கதவு, தரையில் படாத றாக்கை. இவ்வளவு இருந்தால் தொடங்கலாம்.

2. பொருள் கைக்கு வந்ததும் பேர் போடுங்கள். இதைத்தான் நான் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

டிஸ்னி நூதனசாலையில் நிற்கும் பெரிய சாமான் மல்டிபிளேன் கமரா. ஆள் உயரத்தைவிட எவ்வளவோ உயரம். படம் வரைந்த கண்ணாடித் தட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, உச்சியிலிருந்து கமரா கீழே பார்க்கும். பக்கத்துத் தட்டு வேகமாக நகரும், தூரத்துத் தட்டு மெதுவாக. இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்கு பஸ்ஸில் போகும்போது ரோட்டோரத் தேயிலை ஓடிப்போக, தூரத்து மலை அசையாமல் கூடவே வருமே, அதே கணக்கு. 1937இல் ‘தி ஓல்ட் மில்’ என்ற குறும்படத்தில் இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். அந்த டிசம்பரிலேயே ‘ஸ்நோ வைட்’ வந்தது. 83 நிமிடப் படம். செக்கனுக்கு 24 ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 1,20,000 ஃபிரேம். ஓவியர் கடதாசியில் வரைந்த கோட்டை, செல் என்று சொல்லும் கண்ணாடி போன்ற தாளில் மையால் மறுபடி வரைய வேண்டும். திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம் தீட்ட வேண்டும். இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். தாளில் விரல் படாமலிருக்க வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மேசை மேசையாக உட்கார்ந்து செய்தார்கள். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்களைக் காணோம்.

உலகமே ஒரு மனிதரின் கையெழுத்தாகப் பார்க்கிற படம் அது. மிக்கி மவுஸை வரைந்ததும் அப் ஐவர்க்ஸ் என்பவர். 1928இல் முதல் மிக்கி படத்தைக் கிட்டத்தட்டத் தனியாளாக வரைந்து முடித்தவர் அவர். டிஸ்னி பெரிய ஆள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கதை கட்டியதும், கடன்பட்டதும், ஆட்களைச் சேர்த்ததும் அவர். ஆனால் ஒருவர் பேரில் உள்ள நூதனசாலையில் வேலை செய்கிறவர்களின் பெரும்பாடு, மற்றவர்கள் பேரைத் தேடுவதுதான்.

இது நமக்குப் புதிதா? செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைய வேலை நடக்கவே இல்லை என்பது தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்ற அம்மாமார்களின் பிள்ளைகள் நாம். ஆகவே பதிவேட்டில் ‘கொழுந்துக் கூடை, பிரம்பு’ என்று எழுதிவிட்டு எழுந்து போகாதீர்கள். பின்னியவர் யார், சுமந்தவர் யார், எந்த டிவிஷன், எந்த மலை, எந்த வருடம்வரை பாவித்தார், யார் கொண்டுவந்து தந்தார். பிறகு இலக்கம் கொடுங்கள். பல நூதனசாலைகள் கையாளும் முறை இது: வருடம், அந்த வருடத்தில் எத்தனையாவதாக வந்த கொடை, அந்தக் கொடையில் எத்தனையாவது பொருள். 2025.14.3 என்றால் 2025இல் வந்த 14ஆவது கொடையின் 3ஆவது பொருள். அந்த இலக்கம் பொருளிலும் இருக்க வேண்டும், பதிவேட்டிலும் இருக்க வேண்டும். பொருளும் இலக்கமும் பிரிந்தால் அது வெறும் பழைய கூடை.

3. பேர் விடுபட்டவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். டைரஸ் வோங் என்ற சீன ஓவியர் 1920இல் சிறுவனாக அமெரிக்கா வந்தபோது, சான் பிரான்சிஸ்கோ குடாவிலுள்ள ஏஞ்சல் தீவுக் குடிவரவு முகாமில் தகப்பனைப் பிரித்துத் தனியே அடைத்து வைத்தார்கள். நம் பாட்டன்மாருக்கு, இலங்கைக்கு வருமுன் தங்கவைத்த மண்டபம் முகாம் எப்படியோ, சீனர்களுக்கு அது அப்படி. 1942இல் வந்த ‘பாம்பி’ படத்தின் பனிமூட்டக் காட்டுக்கு வழிகாட்டியவை அவருடைய ஓவியங்கள். படத்திலோ பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டும் பேர் வந்தது. படம் வெளிவருமுன்னே வேலையும் போய்விட்டது. டிஸ்னி குடும்ப நூதனசாலை 2013இல் அவருக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தபோது வயது நூறைத் தாண்டியிருந்தது; 2016இல்தான் காலமானார். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டார்கள். அதுதான் அந்த நூதனசாலையிடம் எனக்கு மிகப் பிடித்தது.

‘பாம்பி’யில் வேலை செய்த இன்னொருவர் கிளேர் வீக்ஸ், இந்தியாவில் பிறந்தவர். 1956இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து கார்ட்டூன் படப் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார். இந்தியக் கார்ட்டூன் பட முன்னோடி ராம் மோகன் அங்கே படித்தவர்தான். அதே வளாகத்தில் 2019 முதல் இந்திய சினிமாவின் தேசிய நூதனசாலை இருக்கிறது. கார்ட்டூன் செய்கிற தம்பி கடல் கடந்தால் முதலில் அங்கே போகட்டும்.

4. செய்முறையை எழுதி வையுங்கள். ஹெர்மன் ஷுல்தைஸ் என்று டிஸ்னியின் விசேட காட்சிப் பிரிவில் வேலை செய்த ஒருவர், மழையை எப்படி எடுத்தார்கள், பனியை எப்படி எடுத்தார்கள், எந்தச் சாமானை எங்கே பொருத்தினார்கள் என்று போட்டோ ஒட்டி ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டே வந்தார். 1955இல் குவாத்தமாலாக் காட்டில் காணாமல்போனார். மனைவியும் இறந்த பிறகுதான் கொப்பி வெளியே வந்தது. இன்று அது டிஸ்னி குடும்ப நூதனசாலையின் பெருஞ்சொத்து. 2014இல் அதை வைத்தே தனிக் கண்காட்சி நடத்தினார்கள்.

ரப்பர் பால் வெட்டும் கத்தியை யாரும் வைத்திருப்பார்கள். மரத்தில் எந்தச் சரிவில் வெட்டுவது, பட்டையில் எவ்வளவு ஆழம் போனால் மரம் காயப்படும், மழை நாளில் என்ன செய்வார்கள், ஒட்டுப்பாலை எப்போது உரிப்பார்கள் என்பதை எழுதி வைத்தவர் யார்? கேகாலைப் பிள்ளைகள் இதை எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

5. குப்பை என்று ஒருவர் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டிஸ்னி ஸ்டூடியோவில் படம் முடிந்ததும் செல் தாள்களைக் கழுவி மறுபடி பாவித்தார்கள், அல்லது வீசினார்கள். 1938இல் கூர்வாசியர் என்ற சான் பிரான்சிஸ்கோ ஓவியக்கூடம் விற்க ஆரம்பித்த பிறகுதான் அதற்கும் ஒரு விலை வந்தது. நம் தோட்டத்து ஆபீஸ் துப்புரவு செய்யும் நாளில் பழைய செக்ரோல், வைத்தியசாலைத் துண்டு, பிள்ளை மடுவத்துப் பதிவு எல்லாம் நெருப்புக்குப் போகும். அன்றைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். எடுக்க முன் அனுமதி கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

6. நம் மழையை மதியுங்கள். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். நமக்கு அது பெரும்பாலான நாள். குளிரூட்டி வாங்கப் பணமில்லை என்று உட்காராதீர்கள். அலுமாரியை வெளிச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெயில் நாளில் ஜன்னலைத் திறவுங்கள், மழை நாளில் அடையுங்கள். மூடி இறுக்கமான பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரம் குடித்ததும் சூடாக்கி மறுபடி போடுங்கள். கறையானும் இராமபாணப் பூச்சியும் இருட்டையும் தூசியையும் தேடி வரும். வாரத்துக்கு ஒருமுறை றாக்கையின் பின்பக்கம் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சமும் எதிரிதான். கடதாசி ஓவியத்துக்கும் பழைய போட்டோவுக்கும் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம். மங்கலாக இருக்கிறதே என்று பார்வையாளர் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. மங்கிப்போன நிறம் திரும்ப வராது. சில மாதம் காட்டினால் பிறகு இருட்டில் ஓய்வு கொடுங்கள்.

வெள்ளமும் இருக்கிறது. 2003 மே, 2017 மே இரண்டையும் களுகங்கைக் கரையில் இருப்பவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கடதாசி நனைந்தால் இரண்டு நாளுக்குள் உலர்த்த ஆரம்பிக்க வேண்டும். நேர் வெயிலில் போடாமல் நிழலில், காற்றாடிக்குக் கீழே. நனைந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் போட்டால் தானாகப் பிரிய வாய்ப்பிருக்கிறது.

7. லெமினேட் செய்யாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். ரப்பர் பட்டி போட்டுக் கட்டாதீர்கள்: ரப்பர் நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது! அது உருகிக் கடதாசியைக் கறைப்படுத்தும், அதிலுள்ள கந்தகம் போட்டோவைக் கெடுக்கும். பருத்தி நாடா போதும்.

8. போட்டோவின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம்.

9. துலக்காதீர்கள். கோயில் குத்துவிளக்கைத் துலக்குகிற ஆசையில் கங்காணியின் பித்தளை வில்லையையும் பிரஸ்ஸோ போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார்கள். கத்தியில் காய்ந்திருக்கும் பாலும் படங்கில் ஏறியிருக்கும் கொழுந்துக் கறையும்தான் சாட்சி. மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள்.

10. மூக்கையும் பாவியுங்கள். 1940கள்வரை செல் தாள்கள் பெரும்பாலும் நைட்ரேட், சட்டென்று தீப்பிடிக்கிற வகை; பிறகு வந்தது அசிட்டேட். அசிட்டேட் கெட்டால் வினாகிரி மணக்கும். மணக்கிற ஒன்று பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும். தாள் சுருங்கும்போது மேலே உள்ள வண்ணம் உரிந்து வருகிறது. அதை எப்படி மறுபடி ஒட்டவைப்பது என்று கெட்டி பாதுகாப்பு நிறுவகமும் டிஸ்னி ஓவியக் காப்பகமும் 2009இல் சேர்ந்து ஆராயத் தொடங்கின. நமக்கு செல் தாள் வராது. ஆனால் பழைய ஸ்டூடியோ நெகட்டிவ் வரும், அதுவும் பெரும்பாலும் அசிட்டேட்தான். பெட்டியைத் திறந்ததும் மணந்து பாருங்கள், மணந்தால் பிரித்து வையுங்கள். கல்யாண வீடியோ கசெட் வந்தால் நாள் தள்ளாமல் பிரதி எடுங்கள். ஓட்டிப் பார்க்கும் மெஷின்கள் குறைந்துகொண்டே போகின்றன.

11. கசப்பை மறைக்காதீர்கள். டிஸ்னியின் மகள் கட்டிய நூதனசாலை, தகப்பனைப் புகழத்தான் செய்யும். அப்படியிருந்தும் 1941இல் டிஸ்னி ஓவியர்கள் செய்த வேலைநிறுத்தத்தை அங்கே காட்டுகிறார்கள். சம்பளத்தோடு, படத்தில் பேர் வருவதும் அந்தச் சண்டையில் ஒரு கோரிக்கை. நம் காம்பராவில் கொழுந்தெடுக்கும் பெண் சிரிக்கிற படத்தை மட்டும் மாட்டினால் அது தேயிலைப் பக்கற்றின் விளம்பரம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு கப்பலேறிய குடும்பங்கள், 1977, 1981, 1983 கலவரங்களில் சப்ரகமுவத் தோட்டங்களில் எரிந்த லயங்கள். இவற்றுக்கும் சுவரில் இடம் வேண்டும். குற்றம்சாட்டும் குரல் வேண்டாம். தேதி, தோட்டம், கையில் இருக்கும் பத்திரம் போதும். ஓடும்போதும் ட்ரங்குப் பெட்டியில் பிறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனம் இது. பத்திரம் நிறையவே கிடைக்கும். மூலத்தை வீட்டுக்காரரிடமே விட்டுவிடுங்கள். பிரதி போதும்.

12. தெரியாததைக் கேட்டால் ‘விசாரித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். விசாரித்துச் சொல்லவும் வேண்டும்.

13. எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: பென்சில் ஒன்று, கொப்பி ஒன்று எடுத்துக்கொண்டு உங்கள் லயத்தில் மூத்த அம்மாவிடம் போங்கள். அவர் வீட்டில் மாட்டியிருக்கும் கூட்டப் போட்டோவை இறக்கி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பேரையும் கேட்டு எழுதுங்கள். பகலில் தூங்குவார்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள். இந்த மாதமே போங்கள்.