ஃபுல்லரீனுக்கு எலெக்ட்ரான் பெயர்வதைச் சோதிக்கும் முறை

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ ரசாயனம் பயிலும் முதுநிலை மாணவர், ஒளி பட்ட மாத்திரத்தில் அமீன் மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானொன்று ஃபுல்லரீனுக்குப் பெயர்வதைத் தாமே காண விரும்பினால், தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்தும் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் போன்றதோர் லேசர்க்கூடத்தின் அனுமதியை முதலிற்பெற்று, பிறகு கரைசலில் கவனம் செலுத்த வேண்டும்.

அறுபது கார்பன் அணுக்களாலான ஃபுல்லரீன், டொலுவீனில் மில்லிலிட்டருக்குச் சுமார் 2.8 மில்லிகிராம் வரை கரைந்து மனோகரமான கத்தரிப்பூ நிறம் காட்டும். ஆயினும் டொலுவீன் துருவத்தன்மை குன்றியதாகையால், பெயர்ந்த எலெக்ட்ரான் விலகி நிற்க வகையின்றி உடனே புறப்பட்ட மூலக்கூற்றுக்கே திரும்பிவிடும். ஆதலால், கரைதிறன் குறைவாயினும் பென்சோநைட்ரைலையே கொள்க. 532 நானோமீட்டர் பச்சை ஒளியில் ஏறக்குறைய பாதியை உறிஞ்சுமளவு ஃபுல்லரீன் போதும். எலெக்ட்ரானைத் தரும் அமீனாகிய டைமெத்தில் அனிலின் நாட்பட்டால் மஞ்சளிப்பதால், புதிதாக வடித்ததையே, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, முதல் அளவீட்டுக்குப் பின் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

அடுத்து, ரப்பர் மூடியிட்ட குவார்ட்ஸ் கலத்தில் அரைமணி நேரம் நைட்ரஜனைக் குமிழியிடுக. சென்னையில் எது பிசகினாலும் கடற்காற்றின் ஈரத்தின்மேல் பழிபோடுவது வழக்கம். இங்கே விரோதி ஆக்ஸிஜனே, ஏனெனில் ஒளியால் கிளர்ந்த ஃபுல்லரீனின் சக்தியை அமீன் அணுகுமுன்பே அது அபகரித்துவிடும்.

பச்சை லேசர்த் துடிப்பை முதலில் அமீனற்ற கரைசலில் செலுத்தினால், ஃபுல்லரீனின் கிளர்ந்த மும்மை (triplet) நிலைக்குரிய உறிஞ்சல் 740 நானோமீட்டர் அருகே தோன்றும். அமீன் சேர்த்தபின் அது விரைந்து தேயும். பலர் இத்துடன் திருப்தியடைந்து எலெக்ட்ரான் பெயர்ந்ததென்று எழுதிவிடுகிறார்கள்; அந்நிலை அழிந்ததென்பதற்கு மட்டுமே அது சாட்சி, எவ்வழியில் அழிந்ததென்பதற்கன்று. உண்மையான நிரூபணம், எலெக்ட்ரானை ஏற்ற ஃபுல்லரீன் அயனி 1080 நானோமீட்டர் அருகே காட்டும் உறிஞ்சலே. சாதாரண ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு அந்த அகச்சிவப்பு புலப்படாதாகையால், ஜெர்மானியம் அல்லது இண்டியம்–காலியம் ஆர்செனைடு உணரி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம். 1992இல் விஞ்ஞானிகளான சரிசிஃப்ட்சியும் ஹீகரும் அவர்தம் சகாக்களும் கடத்தும் பாலிமரிலிருந்து ஃபுல்லரீனுக்கு இவ்வாறே எலெக்ட்ரான் தாவுவதை வெளியிட்டதன் பின்னரே, இவ்விரண்டையும் கலந்த சூரிய மின்கலங்கள் பெருகின.

கடைசியாக, அமீனின் செறிவுக்கு எதிராகத் தேய்வின் வேகத்தை வரைந்தால், கோட்டின் சாய்வே வினையின் வேக மாறிலி. புள்ளிகள் நேர்கோட்டில் அமையாவிட்டால், கணக்கைத் திருத்துமுன் ரப்பர் மூடியைப் பரிசோதிக்கவும்.