எந்த வேலைக்கு எந்த எரிபொருள்?

அடுப்பெரிப்பது என்பது ஒரே வேலையன்று. காலையில் காப்பி காய்ச்சுவதும், சாமைச் சோறாக்குவதும், மார்கழிக் குளிரில் வெந்நீர் வைப்பதும், திருவிழாவில் நூறு பேருக்குச் சமைப்பதும் வெவ்வேறு வேலைகள். அனைத்திற்கும் ஒரே எரிபொருளை உபயோகித்தால் பணமும் காடும் பெண்மக்களின் உடல்நலமும் வீணாகும். ஜவ்வாது மலையில் இப்பிரச்னை மிக முக்கியமானது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு விறகு பக்கத்துக் காட்டில் கிடைக்கிறது. எரிவாயு உருளையோ மலைப்பாதையேறி வரவேண்டும்.

விறகு: பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராகும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகிப் புகை மிகுகிறது. விறகைப் பிளந்து, தரையில் படாமல் கொட்டகையில் அடுக்கி, ஒரு கோடை முழுவதும் உலர்த்துதல் வேண்டும். மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் பாத்திரத்தைச் சேருகிறது. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சார்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, புகையில்லாச் சமையலறை பற்றி 1953-லேயே நூல் வெளியிட்டார். புகைபோக்கியுள்ள அடுப்பு இன்றும் பயன்தரும். ஆனால் கரியை அடிக்கடி துடைத்தெடுக்காவிடில் புகை மீண்டும் வீட்டிற்குள்ளேயே திரும்பும்.

சமையல் எரிவாயு: 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் ஏழைப் பெண்கள் பலர் இணைப்புப் பெற்றனர். ஆயினும் 14.2 கிலோ உருளையை மறுபடி நிரப்பப் பணமில்லாமல் விறகிற்குத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. அத்தகையோர் எரிவாயுவை அடியோடு நிறுத்த வேண்டுவதில்லை. வீட்டிற்குள் செய்யும் அன்றாடச் சமையலுக்கும், குழந்தைக்குப் பால் காய்ச்சுவதற்கும் அதை ஒதுக்கி, வெந்நீரையும் மாட்டுத் தீவனத்தையும் முற்றத்து விறகடுப்பில் வைக்கலாம். அப்பொழுது உருளை நீடித்து வரும். புகையும் வீட்டிற்குள் சேராது. தூக்கிச் செல்ல எளிதான 5 கிலோ உருளையும் உண்டு. இவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். எனவே அடுப்பை மேடைமீதும் உருளையை நிமிர்த்தித் தரைமீதும் வைத்தல் அவசியம்.

சாண எரிவாயு: 2 கன மீட்டர் கலத்திற்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ சாணம் தேவை. ஒரு மாடு சுமார் 10 கிலோ தரும் என்றால் ஐந்து மாடுகள் வேண்டும். காட்டில் மேயும் மாட்டின் சாணம் காட்டிலேயே விழுந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடுங்குளிரில் வாயு குறையும். கழிவோ வயலுக்கு நல்ல எருவாகும்.

அடுப்புக்கரி: இரும்பு காய்ச்சவும் துணி தேய்க்கவும் ஏற்றது. குளிருக்காக மூடிய அறையில் கரிச்சட்டியை வைத்து உறங்குதல் ஒருபோதும் கூடாது. மணமோ நிறமோ இல்லாத நச்சு வாயு உறக்கத்திலேயே உயிரைப் போக்கிவிடும்.

மண்ணெண்ணெய்: அணையும் அடுப்பில் இதை ஊற்றலாகாது. வெளிச்சத்திற்கு மின்விளக்கோ சூரிய ஒளி விளக்கோ போதும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியவை இரண்டு. பொது நிலத்தில் விறகு மரங்களை நட்டு வளர்த்தால் பெண்கள் தலைச்சுமையாகச் சுமக்கும் தூரம் குறையும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளைக் கணக்கெடுத்து, புகையில்லா அடுப்பிற்கான உதவியை அவர்களுக்கு முதலில் கிடைக்கச் செய்யலாம். புகையால் முதலில் துன்புறுவோர் அவர்களே.