விலை பாதியான அந்தத் திங்கட்கிழமை

கேள்வி: ரிலையன்ஸ் பங்கின் பழைய விலைகளைப் பார்த்தேன். ஒரு பட்டியலில் 2024 அக்டோபரில் ஒரே நாளில் விலை பாதியாகிவிட்டது. இன்னொன்றில் அப்படிச் சரிவே இல்லை. எதை நம்புவது?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டையும் நம்பலாம். அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சுமார் 2,655 ரூபாயில் முடிந்த பங்கு, 28-ஆம் தேதி திங்களன்று 1,340 ரூபாயை ஒட்டி வர்த்தகமானது. காரணம், ஒன்றுக்கு ஒன்று போனஸ். 100 பங்கு வைத்திருந்தவர் கையில் 200 பங்கு. மொத்த மதிப்பு ஏறக்குறைய அதேதான். யாரும் பாதிப் பணத்தை இழக்கவில்லை.

முதல் பட்டியல் அன்றன்று நடந்த விலையை அப்படியே தருகிறது. இரண்டாவது, போனஸுக்கு முந்தைய விலைகளையெல்லாம் இரண்டால் வகுத்துச் சரிசெய்த பட்டியல். பங்கு முகமதிப்பு பிரிக்கப்படும்போதும் இப்படித்தான் செய்வார்கள். பத்து வருட வளர்ச்சியைக் கணக்கிட, சரிசெய்த விலைதான் வேண்டும். டிவிடெண்டும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் இருக்காது, நீண்ட காலத்தில் அது பெரிய தொகை.

வருமான வரிக்கு மட்டும் சரிசெய்த விலையைத் தொடவே தொடாதீர்கள். தரகர் தந்த கான்ட்ராக்ட் நோட்டில் உள்ள விலையே வாங்கிய விலை. 2024-இல் போனஸாக வந்த இந்தப் பங்குக்கு அடக்க விலை பூஜ்யம். இந்த இடத்தில் தடுமாறுபவர்கள் ஏராளம் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று: இன்றைய சென்செக்ஸ் நிறுவனங்களை மட்டும் வைத்துப் பழைய காலத்தை அளக்காதீர்கள். 2009-இல் மோசடி வெளிப்பட்டு வீழ்ந்த சத்யம் நிறுவனம் இன்றைய சென்செக்ஸில் இருக்காது; அதனால் வளர்ச்சி உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.