தூக்கிவிட்டால் கேஸில் மாட்டுவோமா?

சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் கூட்டம் சேர நேரமாவதில்லை. தொடத்தான் தயங்குகிறார்கள். இரக்கம் இல்லாமல் இல்லை, பயம்தான்.

நம்பிக்கை: ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும்.

உண்மை: முன்பு இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. கொண்டுவந்தவரையே இடித்தவர் போல விசாரித்த காலம் உண்டு. 2016 மார்ச்சில், உதவுவோரைக் காக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. அதன்படி, நல்லெண்ணத்தோடு உதவும்போது அடிபட்டவர் இறந்தே போனாலும், உதவியவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ கிடையாது. பெயர், முகவரியைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்கின்றன 2020இல் வந்த விதிகள். நீங்களாகச் சாட்சி சொல்ல முன்வந்தால்தான் விசாரணை. அதுவும் உங்களுக்கு வசதியான இடத்தில், நேரத்தில். இந்த உரிமைகளை மருத்துவமனை வாசலிலோ கண்ணில் படும் வேறு இடத்திலோ எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதிதான். அந்தப் பலகையை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா?

நம்பிக்கை: பணம் கட்டாமல், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தனியார் மருத்துவமனை தொடாது.

உண்மை: உயிரைக் காப்பதே முதல் கடமை, போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்கக் கூடாது என்று 1989லேயே பர்மானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டப்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அரசு வகுத்த வரம்புக்குள் இலவசம். எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி.

நம்பிக்கை: முதலில் சோடா கொடு, ஆட்டோவில் ஏற்று.

உண்மை: அரை மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் போய்விடலாம். கழுத்திலோ முதுகிலோ அடி என்றால், கை கால் பிடித்துத் தூக்குவது தண்டுவடத்தைக் கெடுக்கலாம். தீயோ, மோதவரும் வண்டியோ இல்லையென்றால் அசைக்காமல் 108 ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருங்கள். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

நம்பிக்கை: சாலையில் வலிப்பு வந்து விழுந்தவர் கையில் சாவிக்கொத்து போன்ற இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும்.

உண்மை: பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே நிற்கும், பெயரைச் சாவிக்கொத்து தட்டிக்கொண்டு போகிறது. வாயில் எதையும் திணிக்காமல், துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

நம்பிக்கை: இத்தனை பேரில் யாராவது போன் செய்திருப்பார்கள்.

உண்மை: இதுதான் மிக ஆபத்தானது. 1968இல் டார்லி, லாட்டனே என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரலை மாணவர்களைக் கேட்க வைத்தார்கள். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதத்தினர் அந்தக் குரல் ஓயும் முன்பே உதவிக்கு ஓடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதத்தினர்தான்.

ஆகவே கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தாதீர்கள். ‘நீலச் சட்டை அண்ணே, நீங்க 108க்கு அடிங்க’ என்று ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள். யாரும் அடிக்கவில்லையா, நீங்களே அடியுங்கள்.